போய் வருகிறேன்

சந்திரனில் முயல் இருக்கிறது என்ற விஷயத்தில் நமக்கும் சீனர்களுக்கும் அபிப்பிராய பேதமே கிடையாது. நாம் அதைச் சும்மா உட்கார வைத்திருக்கிறோம். அவர்கள் அதன் கையில் உலக்கையைக் கொடுத்து மருந்து இடிக்கச் சொல்லிவிட்டார்கள். துணைக்கு ஒரு பெண்ணும் உண்டு. சாங்-இ என்று பெயர். அமுதத்தைக் குடித்து, உடம்பு லேசாகி, மேலே மேலே போய்ச் சந்திரனில் சேர்ந்தவள். புருஷன் பூமியிலேயே நின்றுவிட்டான். அவளுக்குத் திரும்ப வழியில்லை.

சீன தேசத்தார் தங்கள் சந்திர யந்திரங்களுக்கு இவள் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் "போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்! "போய் வருகிறேன் என்று சொல்லடா" என்று நாலு குரல் கேட்கும். போனவள் போனவளாகவே இருந்துவிட்ட ஒருத்தியின் பெயரையா பிரயாணத்துக்கு வைப்பது?

முதல் சாங்-இ 2007-ல் புறப்பட்டுச் சந்திரனைச் சுற்றியது. 2013 டிசம்பரில் இறங்கிய மூன்றாவது யந்திரத்திலிருந்து ஆறு சக்கர வண்டி ஒன்று உருண்டு வந்தது. யூட்டு என்று அதற்குப் பெயர், முயல்தான்! சந்திரனில் ஓர் இரவு என்பது நம் கணக்கில் சுமார் பதினான்கு நாள். குளிரோ பூஜ்யத்துக்குக் கீழே 180 டிகிரி வரை இறங்கும். அந்த இரவு முழுவதும் முயல் தூங்க வேண்டும். 2014 ஜனவரியில், இரண்டாவது இரவு நெருங்கும் சமயத்தில், அதன் உடம்பில் கோளாறு கண்டது. முயலே விடைபெறுவது போலச் சீனச் செய்தி நிறுவனம் எழுதி வெளியிட்டது. ஜனங்கள் உருகிப் போனார்கள். யார் அந்த வாசகத்தை எழுதினாரோ, என் ஜாதிக்காரர், கதாசிரியர். பிப்ரவரியில் முயல் கண் விழித்தது. நகர முடியவில்லை என்றாலும், கிடந்த இடத்திலிருந்தே 2016 வரை குரல் கொடுத்துக்கொண்டிருந்தது.

2019 ஜனவரி 3-ம் தேதி நான்காவது சாங்-இ, அதுவரை யாரும் இறங்காத மறுபக்கத்தில் இறங்கியது. அதற்குள் ஒரு டப்பாவில் கொஞ்சம் மண்ணும் பருத்தி விதையும் இருந்தன. விதை முளைத்தது. இரவு வந்தது, பட்டுப் போயிற்று.

ஐந்தாவதுதான் திரும்பி வந்தவள். 2020 டிசம்பரில் 1,731 கிராம் மண்ணோடு வந்தாள். "ஒண்ணேமுக்கால் கிலோ மண்ணுக்கா இத்தனை பாடு?" என்றார் என் சிநேகிதர் ஒருவர். நியாயமான கேள்வி. 1970-லேயே ரஷ்யர்களின் லூனா யந்திரம் தரையிலிருந்து நேரே பூமிக்கு நூறு கிராம் அனுப்பிவிட்டதே! சீனர்கள் நேரே வரவில்லை. கீழிருந்து ஒரு பகுதி எழும்பி, மேலே சுற்றிக் காத்திருந்த கப்பலோடு கோத்துக்கொண்டு, மண்ணை அதில் மாற்றி, அப்புறம் கிளம்பினார்கள். திரும்பும் பெட்டிக்கு வினாடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகம். சிறுவர்கள் குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தத்த விடுவார்களே, அதே மாதிரி அது காற்றில் ஒரு முறை பட்டு, எழும்பி, வேகம் தணிந்து, மறுபடி விழும். இதற்கென்று 2014-லேயே ஒரு சோதனைப் பெட்டியை அனுப்பிப் பழகிக்கொண்டிருந்தார்கள். மண் மூட்டைக்கு இவ்வளவு உபசாரம் எதற்கு? அடுத்து வரப்போகிற பிரயாணி மண் அல்ல என்பதுதான் விஷயம் என்று நான் நினைக்கிறேன். 2024-ல் ஆறாவது சாங்-இ மறுபக்கத்து மண்ணையும் கொண்டுவந்து, அதே வித்தையை இன்னொரு முறை செய்து காட்டினாள். 2030-க்குள் இரண்டு சீனர்களைச் சந்திரனில் இறக்குவது திட்டம். அவர்களுக்காகவும் ஒரு கப்பல் மேலே சுற்றிக் காத்திருக்கும்.

2020-ல் உள் மங்கோலியச் சமவெளியில், உறைபனி இரவில் பெட்டி விழுந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். இருட்டில் சூட்டைக் கண்டறியும் காமிராவில் பெட்டி வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்தில் ஏதோ சிறு பிராணி ஒன்று குடுகுடுவென்று ஓடியது. நரியாக இருக்கும் என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். பார்த்துக்கொண்டிருந்த சீனர்களில் பலர் அதை ஒப்பவில்லை. எஜமானியை வரவேற்க முயல் வந்திருக்கிறது என்றார்கள்.