ஸ்பித்தி மலைவழியிலே

இமாசலப் பிரதேசத்து மணாலியிலிருந்து ஸ்பித்திப் பள்ளத்தாக்கின் காசா நகருக்குத் தூரம் ஏறக்குறைய 200 கிலோமீற்றர். சமவெளியில் நான்கைந்து மணி நேரத்திற் கடந்துவிடக்கூடிய இத்தூரத்துக்கு, மோட்டார் சைக்கிளிற் செல்வோர் ஒரு முழுப் பகலையே ஒதுக்குவர். குளிர்காலத்தில் பனியால் மூடப்படும் இவ்வழி, கோடையிலே திறந்ததும் எங்கெங்கோ உள்ள இளைஞரையெல்லாம் தன்பால் ஈர்க்கின்றது.

2020ஆம் ஆண்டு ஒக்ரோபரில் திறக்கப்பட்ட 9 கிலோமீற்றர் நீளமான அடல் சுரங்கப்பாதை, ரோதாங் கணவாயை ஏறிக் கடக்கும் சிரமத்தை நீக்கிவிட்டது. அதன்பின் வருவது கிராம்பு என்னும் சந்தி. பெயர் நமது வாசனைப் பண்டத்தை நினைவூட்டினும், அங்கிருந்து பாதால் வரை சந்திரா நதியோரமாகச் செல்லும் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வழி கல்லும் சேறும் நிறைந்தது. பயணியின் உடல்வலிமை சோதிக்கப்படுவது இங்கேதான்.

இங்கு வரும் களைப்புக்குத் தூரம் மாத்திரம் காரணமன்று, அச்சமும் காரணமாகும். கற்களிற் சக்கரம் துள்ளுந்தோறும் ஓட்டுபவர் கைபிடியை இறுகப் பற்றுகிறார். இறுகிய தசைகளில் இரத்தவோட்டம் குறைகிறது, முன்கை கடுக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. பிரேக்கை அழுத்தவேண்டிய வேளையில் அவ்விரல்கள் உதவமாட்டா.

அனுபவமுடையோர் செய்வது வேறு. கரடான இடங்களிற் கால்மிதிகள்மேல் எழுந்து நின்று, முழங்கால்களைச் சற்றே மடித்து, பெற்றோல் தாங்கியைக் கால்களால் அணைத்துக்கொள்வர். கைபிடியையோ கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் மெல்லப் பிடிப்பர். அதிர்ச்சியை முழங்காலும் இடுப்பும் ஏற்றுக்கொள்ளும். நிற்கும்போது முதுகு வளையாதவாறு கைபிடியின் உயரத்தைப் புறப்படுமுன்னரே சரிசெய்வர். பாதை சீரானவுடன் அமர்ந்து இளைப்பாறுவர். மூட்டை முடிச்சுகளைத் தோளிற் சுமவாது, வண்டியிலே தாழ்வாகக் கட்டுவர்.

விடியற்காலையிற் புறப்படுவதிலும் பொருளுண்டு. வெயிலேற ஏறப் பனி உருகுவதால், பாதையைக் குறுக்கறுக்கும் ஓடைகள் பிற்பகலிற் பெருகிவிடும். காலையிற் கணுக்கால் நனையக் கடந்த நீரை மாலையில் வண்டியைத் தள்ளிக் கடக்க நேரும். வறண்ட குளிர்காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடும்; தாகமும் அவ்வளவாகத் தோன்றாது. ஆயினும் அடிக்கடி சிறிது நீர் அருந்துதல் வேண்டும். பாதாலின் தேநீர்க் கடைகளில் அரைமணி நேரம் இருப்பது வீண்பொழுதன்று.

அப்பால் குன்சும் கணவாய். உயரம் ஏறக்குறைய 15,000 அடி. மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் உள்ளதில் 60 வீதத்துக்கும் குறைவு. உச்சியிலுள்ள தேவி கோயிலை வாகனங்கள் வலம்வந்து செல்வது அவ்விடத்து வழக்கம். தலைவலியோ தடுமாற்றமோ கண்டால் அங்கே தாமதியாது இறங்குதலே அறிவுடைமை. கூட்டமாகச் செல்வோர், தம்முள் மிகக் களைத்தவரின் வேகத்தையே எல்லோருக்கும் வேகமாகக் கொள்ளவேண்டும்.

இறக்கம் தொடங்கியதும் பயணம் முடிந்ததென்று மனம் எண்ணும். களைத்த கைக்கு அவ்வெண்ணமே ஆபத்து. கணவாய்க்குக் கீழே லோசார் என்னும் சிற்றூர் உண்டு. இராத்தங்க அங்கே இடமுண்டு. எஞ்சிய 60 கிலோமீற்றரளவான தூரத்தை மறுநாட் காலையிற் கடப்பது எவருக்கும் இழுக்கன்று.