ஓட்டமும் பிரிவும்

பாறசாலையிலிருந்து வெள்ளறடை வழியாக வடகிழக்கே போகும் சாலை, அம்பூரியை நெருங்கும்போது மூச்சு வாங்க வைக்கிறது. இருபுறமும் ரப்பர் தோட்டங்கள். விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டுகிறவர்கள் மரத்துக்கு மரம் நகர்கிறார்கள். கிழக்கே அகத்தியமலைத் தொடர். நெய்யாறு அணை தேக்கிய நீருக்கு அப்பால் காணி மக்களின் ஊர்கள். ஆஸ்பத்திரிக்கோ ரேஷன் கடைக்கோ போக, அவர்கள் பல பத்தாண்டுகள் தோணியைத்தான் நம்பியிருந்தார்கள்.

1956இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பேச்சு இன்னும் அந்தக் கோட்டை மதிப்பதாகத் தெரியவில்லை. சாயக்கடையில் தமிழில் தொடங்கும் வாக்கியம் மலையாளத்தில் முடிகிறது. ஒரு மொழிபெயர்ப்பு வேலைக்காகச் சில மாதங்கள் இங்கே தங்கியபோது, தெரிந்த சொற்கள்தான் அதிகம் திணறடித்தன.

அதே மாதங்களில் கோவை மராத்தானுக்கும் தயாராகிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளைக்கு ஆதரவாக 2013இல் தொடங்கிய ஓட்டம் அது. நான் எடுத்துக்கொண்டது அரை மராத்தான்: 21.1 கி.மீ. வாரம் ஒன்று அல்லது இரண்டு கி.மீ. கூட்ட வேண்டும், மேட்டில் அடியைச் சுருக்க வேண்டும். அம்பூரிச் சாலை இரண்டையும் கற்றுக்கொடுத்தது.

சாயக்கடை வாசலில், ‘கோவையில் ஒரு ஓட்டம் இருக்கிறது’ என்று சொன்னதும் ஆட்டோ ஓட்டுநர் சாவியை எடுத்துவிட்டார். அவருக்கு ஓட்டம் என்றால் சவாரி. நன்கொடை திரட்டுகிறேன் என்று விளக்கியபோது கடைக்காரர் கேட்டார்: “பிரிவாணோ சாரே?”

தமிழில் பிரிவு என்றால் விலகிப் போவது. மலையாளத்தில் நாலு பேரிடம் பணம் வசூலிப்பது. யோசித்தால் அந்நியமான பொருளும் இல்லை. கோயில் கொடைக்கு ‘வரி பிரிப்பது’ குமரியிலும் நெல்லையிலும் பழகிய வழக்கம்தானே!

ஆனால் வரி பிரிப்பவர் ஓடிக் காட்டுவதில்லை. ஓடினால் எதற்குப் பணம் தர வேண்டும்? கடைக்காரரின் இந்தக் கேள்விக்கு, கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸின் கதையைச் சொன்னேன். புற்றுநோயால் வலது காலை இழந்தவர். செயற்கைக் காலுடன் 1980 ஏப்ரலில் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து கிளம்பி, நாளுக்கு ஏறக்குறைய ஒரு முழு மராத்தான் வீதம் 143 நாட்கள் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவ, 5,373 கி.மீ.யில் நின்றார். அடுத்த ஆண்டு ஜூனில் இறந்தபோது வயது 22. அவர் கேட்டது கனடாக்காரர் ஒவ்வொருவரிடமும் ஒரு டாலர். அவருடைய ஓட்டம் யாருடைய கட்டியையும் கரைக்கவில்லை. கேட்கக் கூச்சப்படும் ஒரு விஷயத்தை ஊர் நடுவே கேட்க வைத்தது. ஓட்டத்தின் பயன் அவ்வளவுதான், அதுவே பெரிது.

கடைக்காரர் விடவில்லை. “நம்ம ஆர்.சி.சி. இருக்க, கோவைக்கு எதுக்கு?”

நியாயமான கேள்வி. திருவனந்தபுரத்தில் 1981இல் உருவான மண்டலப் புற்றுநோய் மையம்தான் இந்த வட்டாரத்துக்கு அடைக்கலம். கடைக்காரரின் மனைவியும் அங்கே சிகிச்சை பெற்றவர். அந்த நாட்களைப் பற்றிப் பேசத் தொடங்கியவர், தன் கேள்விக்குத் தானே பதிலுக்கு வந்து சேர்ந்தார். காத்திருந்த பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்கள் நாகர்கோவில்காரர்கள், தென்காசிக்காரர்கள். கஞ்சியைப் பகிர்ந்திருக்கிறார்கள், டோக்கன் எண் கூப்பிட்டால் எழுப்பிவிட்டிருக்கிறார்கள். “நோயாளி எல்லை தாண்டி இங்கே வரலாம்னா, காசு அங்கே போகக்கூடாதா?” என்றார்.

உதவி என்பது இந்த ஊருக்குப் பெரிய வார்த்தை. 2001 நவம்பர் 9 இரவு, கனமழையில் மலை சரிந்து ஏறக்குறைய 40 உயிர்களைக் கொண்டுபோன ஊர் இது. அதனால்தானோ என்னவோ, இங்கே பணம் கொடுப்பதற்கு முன் கணக்கைக் கேட்கிறார்கள். நகரத்து ஓட்டங்களில் பலர் கேட்காத கேள்வி அது. பதிவுக் கட்டணம் வேறு, நன்கொடை வேறு. பனியன், பதக்கம், வழியில் தண்ணீர், ஆம்புலன்ஸ் என்று கட்டணத்துக்குச் செலவுகள் உண்டு. கட்டணத்தைக் கட்டிவிட்டுத் தர்மம் செய்துவிட்டதாக நினைப்பது தவறு. என் கட்டணம் என் பாக்கெட்டிலிருந்து. பிரிவுப் பணம் தனி நோட்டில்.

பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் ஐம்பது ரூபாய் தந்து, நோட்டில் எழுதுகிறேனா என்று நின்று பார்த்தார். கடைக்காரர் நூறு ரூபாய் தந்தார். ஒரு நிபந்தனை: ரசீது மனைவி பெயரில் இருக்க வேண்டும்.

கோவையில் பதினேழாவது கி.மீ.யில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. நடந்தும் ஓடியும் முடித்தேன். அம்பூரியில் யாரும் நேரத்தைக் கேட்கவில்லை. கடைக்காரர் ரசீதை வாங்கி, எழுத்துக்கூட்டிப் பெயரைப் படித்தார். உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.