ஒரு கை எப்போதும் குமிழில்

இன்று வானொலியில் நிலையம் மாற்ற யாரும் பயப்படுவதில்லை. 1920களில் அமெரிக்காவில் வானொலிப் பெட்டி வாங்கியவர்கள் பயந்தார்கள். தூரத்து ஊர் நிலையம் ஒன்று மெல்லியதாகக் கேட்கும். ஒலியை முழுக்கத் திருகி வைத்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கிருந்து அடுத்த நிலையத்துக்கு முள்ளை நகர்த்தினால், நடுவில் உள்ளூர் நிலையம் வந்து வீடே அதிர அலறும். தூங்குகிற குழந்தை எழுந்துகொள்ளும். அப்புறம் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா!

இரவில் இன்னொரு தொல்லை. தரையோடு வரும் அலையும், வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும் அலையும் சேரும்போது, சில சமயம் ஒன்றுக்கொன்று வலு சேர்க்கும், சில சமயம் ஒன்றையொன்று அழித்துவிடும். பாட்டு பாதியில் கிணற்றுக்குள் இறங்கிவிட்டு மறுபடி மேலே வரும். (ராத்திரியில் இலங்கை வானொலி கேட்ட நம் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.) ஆக, ஒரு கை எப்போதும் குமிழிலேயே இருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஏரியலில் விழும் மின்னழுத்தம் தூரத்து நிலையத்துக்கு ஒரு மைக்ரோவோல்ட் என்றால், பக்கத்து நிலையத்துக்கு அது போல ஒரு லட்சம் மடங்குகூட இருக்கலாம். ஒரு ரூபாய் வந்தாலும் ஒரு லட்சம் வந்தாலும் கடையில் இருப்பது ஒரே கல்லாப்பெட்டிதான். சின்னதற்கு ஏற்றபடி பெருக்கினால் பெரியது வழிந்து சிதைந்துபோகும். பெரியதற்கு ஏற்றபடி வைத்தால் சின்னது இரைச்சலில் காணாமல் போகும்.

இதற்கு 1926 தொடக்கத்தில் ஒரு வழி சொன்னவர் ஹெரால்ட் வீலர். அப்போது வயது 22, படித்துக்கொண்டிருந்த மாணவர்! ஹேசல்டைன் நிறுவனத்துக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். டயோடு வால்வு, அலையிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும்போது கூடவே ஒரு நேர் மின்னழுத்தமும் கிடைக்கிறது. சிக்னல் வலுத்தால் அதுவும் ஏறும், மெலிந்தால் இறங்கும். அதை எடுத்து, முன்னால் இருக்கும் பெருக்கி வால்வுகளுக்கே திருப்பி அனுப்பி, 'வரவு அதிகம், கொஞ்சம் அடக்கி வாசி' என்று சொல்ல வைத்தார். அவ்வளவுதான். குமிழில் இருந்த கையின் வேலையை வால்வே பார்த்துக்கொண்டது. 1929 இல் ஃபில்கோவின் 95 ஆம் மாடல் இந்த முறையோடு கடைக்கு வந்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தக் கட்டுப்பாடு ரொம்ப வேகமாக வேலை செய்தால், பாடகர் குரலை உயர்த்துவதையும் தாழ்த்துவதையும் சிக்னலின் ஏற்ற இறக்கம் என்று நினைத்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். ரொம்ப மெதுவாக இருந்தால், பாட்டு கிணற்றுக்குள் போய்த் திரும்பிய பிறகு விழித்துக்கொள்ளும். ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி, இரண்டையும் வைத்து இடைப்பட்ட வேகத்தைப் பிடிக்க வேண்டும்.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கான பகுதி இனிமேல்தான். ஹேசல்டைன் நிறுவனத்துக்குக் காப்புரிமைகளைப் பிறருக்கு உரிமம் கொடுத்து ராயல்டி வாங்குவதுதான் முக்கியத் தொழில். வீலரின் முறைக்கு 1932 இல் காப்புரிமை கிடைத்தது. ராயல்டி கேட்டு வழக்குகள் நடந்தன. டெட்ரோலா என்ற வானொலி நிறுவனம் விடாமல் போராட, 1941 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காப்புரிமை செல்லாது என்று சொல்லிவிட்டது. தானியங்கிக் கட்டுப்பாடும் முன்பே தெரிந்தது, டயோடும் முன்பே தெரிந்தது, இரண்டையும் சேர்த்தது புதுக் கண்டுபிடிப்பு ஆகாது என்பது வாதம். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனாலும் பார்த்த பிறகு எல்லாமே சுலபம்தானே என்று தோன்றாமல் இல்லை.

வானொலியோடு இது முடியவில்லை, ஒளிக்கும் இதே கதைதான். டிவி ரிமோட் சுமார் 38 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் அகச்சிவப்பு ஒளியை அனுப்புகிறது. அறையில் வெயில், டியூப் லைட் எல்லாம் உண்டு. பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஏற்பி, விடாமல் வந்துகொண்டிருக்கும் ஒளியை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு தன் காதைக் கொஞ்சம் மூடிக்கொள்கிறது. ரிமோட் விட்டு விட்டுத் துடிப்பதால் அது மட்டும் கேட்கிறது.

வீட்டுக்கு வரும் ஃபைபர் இணையத்தில் சிக்கல் இன்னும் பெரியது. ஒரே இழையைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொண்டு, முறை வைத்து ஒளியை அனுப்புகின்றன. ஒரு வீடு பக்கத்துத் தெருவில் இருக்கும், இன்னொன்று 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பக்கத்து வீட்டின் பளிச்சென்ற ஒளி வந்து முடிந்த மறுகணமே தூரத்து வீட்டின் மங்கல் ஒளி வரும். முன்னதற்குப் பெருக்கம் கூடுதலாக இருந்தால் 1 நீண்டு அடுத்த 0 வின் மேல் படிந்துவிடும். பின்னதற்குக் குறைவாக இருந்தால் 1 ஐயே காணோம். வீலரின் வால்வைப் போல நிதானமாகப் பழகிக்கொள்ள இங்கே நேரம் கிடையாது. அதனால் ஒவ்வொரு வீடும் தரவுக்கு முன்னால் வெறும் 1, 0, 1, 0 என்று கொஞ்சம் அனுப்புகிறது. அது ஓடி முடிவதற்குள் மைய அலுவலகத்து ஏற்பி தன் அளவைச் சரிசெய்து முடித்திருக்க வேண்டும்.