நொடிக்கு ஒரு பந்து



அறிவியல் கண்காட்சியில் ஏழு மேசைகளைச் சுற்றிப் பந்து ஓடியதை எல்லாரும் பார்த்தீர்கள். பார்த்தவர்களில் பாதிப் பேர் எங்களிடம் கேட்டது, "மோட்டார் எங்கடா வாங்குனீங்க?" என்பதுதான். உண்மையில் மோட்டார் ஒரு விஷயமே இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

லெகோ கட்டைகளைப் பற்றி முதலில் இரண்டு வரி. டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932இல் மர பொம்மை செய்ய ஆரம்பித்தார். இன்று நாம் பார்க்கும் பிளாஸ்டிக் கட்டைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1958இல். அந்த வருடக் கட்டையை எடுத்து இன்றைய கட்டை மேல் வைத்தாலும் 'டக்'கென்று உட்காரும். இந்தக் கட்டைகளில் பந்து கடத்தும் மெஷின் செய்யும் விளையாட்டு 2005 வாக்கில் அமெரிக்காவில் தொடங்கியது. ஆளுக்கொரு மெஷின் செய்து கொண்டு வந்து வரிசையாக வைப்பார்கள். ஒரு மெஷின் போடும் பந்தை அடுத்தது வாங்கி, அதற்கடுத்ததில் போட வேண்டும். எல்லாம் சேர்வதற்கு விதிகள் உண்டு. வாங்கும் தொட்டி பத்துக் கட்டை உயரத்தில் இருக்கணும். சராசரியாக நொடிக்கு ஒரு பந்து போகணும். மொத்தமாகக் கொட்டினால் 30 பந்துக்கு மேல் கொட்டக் கூடாது. நடுவில் உள்ளே என்ன செய்தாலும் உங்கள் இஷ்டம்.

எங்கள் அறிவியல் ஐயா இதே விதியை வைத்தார். கூடவே "யாரும் கை வைக்கக் கூடாது" என்றும் சொல்லிவிட்டார். எங்களுடையது மூன்றாவது மேசை. நாங்கள் நின்றால் மற்ற ஆறும் நிற்கும். அந்த பயம்தான் எங்களைத் தூங்க விடவில்லை.

முதல் வேலை கணக்கு. மோட்டார் வேகமாகச் சுற்றும், கண்ணால் எண்ண முடியாது. 8 பல் சக்கரத்தை 24 பல் சக்கரத்தோடு கோர்த்தால் வேகம் மூன்றில் ஒன்றாகும். இரண்டு முறை கோர்த்தால் ஒன்பதில் ஒன்று. கடைசிச் சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினோம். நிமிடத்துக்கு 30 சுற்று. அப்படியென்றால் மோட்டார் 270. கடைசி அச்சில் இன்னொரு 24 பல் சக்கரம் சங்கிலியை இழுக்கிறது. ஒரு பல்லுக்கு ஒரு கண்ணி. ஆக நிமிடத்துக்கு 720 கண்ணி. 12 கண்ணிக்கு ஒரு கிண்ணம் வைத்தால் சரியாக 60 பந்து வரும். ஐயா நோட்டைப் பார்த்துவிட்டு, "பேட்டரி சாயங்காலமும் இதே வேகத்துல இருக்குமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். 10 கண்ணிக்கு ஒரு கிண்ணம் என்று வைத்தோம். 120 கண்ணிச் சங்கிலி, 12 கிண்ணம், நிமிடத்துக்கு 72 பந்து.

அடுத்த தொல்லை கீழே. பந்து கோலிக்குண்டு அளவுதான். ஆனால் தொட்டியின் வாயில் இரண்டு பந்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டு பாலம் மாதிரி நின்றுவிடும். பின்னால் ஐம்பது பந்து காத்திருக்கும், ஒன்றுகூட வராது. என் பெஞ்ச் நண்பன் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. நம்ம ஊரில் அந்தச் சத்தம் கேட்காத தெரு குறைவு. அவன்தான் சொன்னான்: "தறியில நாடா ஓடுற பலகை முன்னும் பின்னும் ஆடிக்கிட்டே இருக்கும்லே. அதே மாதிரி தொட்டித் தரைய ஆட்டி விடுவோம்." சக்கரத்தின் மையத்திலிருந்து தள்ளி ஒரு ஊசி வைத்து, அதில் ஒரு கம்பு கோர்த்து, தரையோடு மாட்டினோம். நிமிடத்துக்கு 30 தடவை தரை ஆடியது. பாலம் கட்டவே முடியவில்லை.

மேலே போன பந்தை இறக்குவதுதான் கடைசி. கிண்ணம் ஆழமாக இருந்தால் பந்து மேலே விழாமல் அப்படியே மறுபக்கம் இறங்கிவிடுகிறது. மட்டமாக இருந்தால் பாதி வழியிலேயே உருண்டு விழுகிறது. வீட்டுத் திண்ணையில் வைத்து இதோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தேன்.

தாத்தா பார்த்துக்கொண்டே இருந்தார். நிலத்தை விற்ற பிறகு அவர் கிணறு, தோட்டம் என்று வாயே திறந்ததில்லை. அன்றைக்கு, "ஏலே, இது கமலை இறைக்கிற மாதிரில்லா இருக்கு" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முனையை மடக்கிக் காட்டினார். கமலையில் தண்ணீர் மொள்ளும் கூனைக்கு அடியில் தோலால் ஒரு வால் உண்டு. மாட்டோடு கட்டியது இரண்டு கயிறு. வடக்கயிறு கூனையைத் தூக்கும். வால் கயிறு, வாலின் முனையைக் கூனை வாய் உயரத்துக்குத் தூக்கியே பிடித்திருக்கும், அதனால் வழியில் தண்ணீர் ஒழுகாது. மேலே வந்ததும் கூனை உயரே போகும், வால் கயிறோ தாழ்வான உருளை வழியாக முனையைத் தொட்டிப் பக்கம் இழுத்துவிடும். தண்ணீர் தானாகக் கொட்டும். யாரும் சாய்க்க வேண்டாம்.

"வர்ற வரைக்கும் பிடிச்சுக்கிடணும். வந்த இடத்துல விட்ரணும். அம்புட்டுதான்."

கிண்ணத் தரையைப் பக்கவாட்டில் சாய்த்தோம். சாய்ந்த பக்கம் கீழிருந்து மேல்வரை ஒரு சுவர். பந்து சுவரில் சாய்ந்தபடியே ஏறும். உச்சியில் சுவர் முடிகிறது, பந்து தானே வெளியே உருளும். பொழுது சாயுமுன்னே ஓடிவிட்டது. தாத்தா எதிர்த் தோட்டத்துக் கிணற்றின் ஆழம், கடைசியாக வைத்திருந்த ஜோடி மாடு என்று சாப்பாட்டு நேரம்வரை பேசிக்கொண்டே இருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள்.

கண்காட்சி அன்று காலையில் 72. மத்தியானம் மூன்று மணிக்கு எண்ணினால் கடைசி அச்சு 25 சுற்றுதான், அதாவது சரியாக 60 பந்து. இரண்டாவது மேசைக்காரர்கள் அந்த நேரம் பார்த்து 30 பந்தை ஒரே கொட்டாகக் கொட்டினார்கள். தொட்டி விளிம்புவரை வந்தது. நண்பன் என் கையைப் பிடித்துக்கொண்டான், நான் போய்த் தொட்டுவிடுவேனோ என்று! பந்து விளிம்பிலேயே நின்று நின்று, பெல் அடிக்கும்வரை ஓடியது. தாத்தா பெஞ்சில் உட்கார்ந்து மேல் முனையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பிரித்து எட்டாம் வகுப்புக்குக் கொடுத்துவிட்டோம். எண்ணிப் பார்த்ததில் ஒரு 8 பல் சக்கரம், சாம்பல் நிறம், குறைகிறது. யார் கண்ணிலாவது பட்டால் ஆய்வகத்தில் கொடுக்கவும்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்