பதின்மூன்றாவது தொகுப்பு

கனடாவின் டொரொண்டோ நகரில் 1978இல் உருவான ஹெவி மெட்டல் இசைக்குழு 'ஆன்வில்'. அதன் கதையை அறிந்தவர்களுள் பெரும்பாலோர் ஓர் ஆவணப்படத்தின் வழியாகவே அறிந்திருப்பர். சாஷா ஜெர்வாசி இயக்கிய அப்படம் 2008இல் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. விடாமுயற்சி இறுதியில் வெல்லும் என்பதற்குச் சான்றாக அது இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால், படத்தின் நடுவே உருவாகும் இசைத்தொகுப்பை மட்டும் தனியே கவனித்தால், அது சொல்லும் செய்தி வேறு.

பாடகரும் கிட்டார் கலைஞருமான 'லிப்ஸ்' என்கிற ஸ்டீவ் குட்லோவும் டிரம்ஸ் கலைஞர் ராப் ரைனரும் பதின்பருவத்திலேயே நண்பர்கள். 1982இல் வெளிவந்த 'மெட்டல் ஆன் மெட்டல்', 1983இல் வெளிவந்த 'ஃபோர்ஜ்ட் இன் ஃபயர்' ஆகிய தொகுப்புகளின் வேகமும் முரட்டுத்தனமும் அன்று புதியவை. 1984இல் ஜப்பானில் நடந்த 'சூப்பர் ராக்' விழாவில் ஸ்கார்ப்பியன்ஸ், ஒயிட்ஸ்னேக், பான் ஜோவி ஆகிய குழுக்களோடு ஆன்வில்லும் மேடையேறியது. அந்த மூன்று குழுக்களும் உலகப் புகழ் பெற்றன, ஆன்வில் பெறவில்லை. மெட்டாலிகாவின் லார்ஸ் உல்ரிக்கும் மோட்டார்ஹெட்டின் லெம்மியும் படத்தில் இக்குழுவைப் புகழ்ந்து பேசுகின்றனர். ஆன்வில் என்ற சொல்லுக்குப் பட்டடை என்பது பொருள். கொல்லன் பட்டறையில் அடியைத் தாங்குவது பட்டடை. உருவம் பெறுவதோ வேறோர் இரும்பு. பெயர் வைத்தவர்கள் இதை எண்ணியிருக்க மாட்டார்கள்.

இருபது ஆண்டுகள் கழித்துப் படம் காட்டும் குட்லோ, பள்ளிகளுக்கு உணவு கொண்டுசேர்க்கும் வண்டியை ஓட்டுகிறார். ரைனர் கட்டட வேலை செய்கிறார். இடையில் ஓர் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் வாய்க்கிறது. தொடர்வண்டி தவறுகிறது, பேசிய பணம் கைக்கு வருவதில்லை. ருமேனியாவில் பத்தாயிரம் பேர் அமரக்கூடிய அரங்கிற்கு வந்தவர்கள் 174 பேர். அந்த 174 பேருக்கும் முழு நிகழ்ச்சி வாசிக்கப்பட்டது.

ஊர் திரும்பியபின் அவர்கள் எடுத்த முடிவுதான் கவனத்துக்குரியது. 1982, 1983 தொகுப்புகளின் தயாரிப்பாளரான கிறிஸ் சாங்கரைட்ஸை மீண்டும் அணுகினர். இது பழைய நாள்களின் மீதான ஏக்கம் மட்டுமன்று. ஹெவி மெட்டலில் டிரம்ஸின் அதிர்வும் கிட்டாரின் கரகரப்பும் ஒன்றையொன்று விழுங்காமல் பதிவாவதே இசையின் பாதி. அது கூடாத பதிவில் நல்ல பாடலும் வெறும் இரைச்சலாகிவிடும். தங்களுக்குக் குறைவாயிருந்தது திறமையன்று, தரமான ஒலிப்பதிவே என்று குட்லோ நம்பினார். அதற்கான பணம் அவரிடம் இல்லை. தொலைபேசி வழியாகப் பொருள் விற்கும் வேலைக்குச் சென்று பார்த்தார். பொய் கலந்து பேச வராததால் அது கைகூடவில்லை. இறுதியில் உடன்பிறந்த சகோதரி கடன் கொடுத்தார். இங்கிலாந்தின் டோவர் நகரில் ஒலிப்பதிவு நடந்தது. பதிவின்போது நண்பர்கள் இருவரும் கடுமையாகச் சண்டையிட்டனர், அழுதனர், மீண்டும் வாசித்தனர். முடிந்த தொகுப்பை ஏற்க நிறுவனங்கள் முன்வராததால் 2007இல் தாமே வெளியிட்டுக்கொண்டனர். அதன் பெயர் 'திஸ் இஸ் தர்ட்டீன்'.

மொழியியல் பயின்றவர் இப்பெயரில் சற்றே நின்றுவிடக்கூடும். 'ஹார்ட் அண்ட் ஹெவி' முதல் 'பேக் டு பேசிக்ஸ்' வரை இக்குழுவின் தொகுப்புப் பெயர்கள் யாவும் மூன்றே சொற்கள். முதற்சொல்லும் மூன்றாம் சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. நம் யாப்பிலக்கணம் கற்றவருக்கு முதற்சீரும் மூன்றாம் சீரும் ஒன்றும் பொழிப்பு மோனை நினைவுக்கு வரும். பதின்மூன்றாவது பெயரில் ஒரு நுட்பமான விலகல் உண்டு. அதன் மோனை கண்ணுக்குரியது, செவிக்குரியதன்று. எழுத்துகள் ஒன்றே, ஆயினும் முதற்சொல்லின் தொடக்க ஒலி ஒலிப்புடையது, மூன்றாம் சொல்லினது ஒலிப்பற்றது. கேட்பார் இல்லாத ஆண்டுகளிலும் இந்த வாய்பாடு கைவிடப்படவில்லை. சந்தை கேட்ட ஒழுங்கு அன்று இது. தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ஒழுங்கு. நெடுங்காலம் அங்கீகாரமின்றி உழைப்பவரை நாளை பற்றிய நம்பிக்கையைவிட இத்தகைய சிறு ஒழுங்குகளே தாங்குகின்றன எனத் தோன்றுகிறது.

படம் வெளிவந்தபின் நிலை மாறியது. 2009இல் அதே தொகுப்பு மறுவெளியீடு பெற்றது. ஏசி/டிசி குழுவின் சில நிகழ்ச்சிகளில் தொடக்கக் குழுவாக வாசிக்கும் வாய்ப்பும் கிட்டியது. ஆனால், இதை விடாமுயற்சியின் வெற்றி என்பது காரணத்தை இடம்மாற்றிக் காண்பதாகும். நிறுவனங்கள் மறுத்த பாடல்களும் பின்னர் வரவேற்கப்பட்ட பாடல்களும் ஒன்றே. இடையில் வந்தது படம். எண்பதுகளின் தொடக்கத்தில் இக்குழுவோடு ஊர் ஊராகத் திரிந்த ஓர் இலண்டன் சிறுவன் பிற்காலத்தில் திரைக்கதையாசிரியர் ஆனான்; பழைய அன்பில் தேடி வந்தான். அவனே ஜெர்வாசி. அப்படியொரு இரசிகன் வாய்க்காத குழுக்களும் அதே அளவு உழைத்திருக்கும். அவற்றின் பெயர்கள் நமக்குத் தெரியாது என்பதாலேயே உழைப்பு வெல்லும் என்று சொல்ல முடிகிறது. அந்த உழைப்பின் விலையைக் கலைஞர் மட்டும் கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மனைவியரும் கடன் கொடுத்த சகோதரியும் அதில் பங்காளிகள்.

ஆய்வுலகம் இக்கதையை அந்நியமாக உணர வாய்ப்பில்லை. பலரால் எடுத்தாளப்பட்டும் நிலையான பணி கிட்டாதவர்கள் இங்கும் உண்டு. அவர்களிடம் பொறுமையாக இருங்கள் என்று சொல்வதே பலருக்கு எளிதாக இருக்கிறது. அதற்கு ஆன்வில்லின் கதையைச் சான்று காட்டுதல் தகாது. அக்கதையிலிருந்து நேர்மையாகப் பெறக்கூடியது ஒன்றுண்டு: உலகம் பின்னர் பாராட்டியது என்பதால் அத்தொகுப்பு பொருளுடையதாகவில்லை. டோவரில் டிரம்ஸின் ஒலி தாம் விரும்பியவாறு பதிவான நாளிலேயே அது முழுமை பெற்றுவிட்டது. குழு அதோடு நிற்கவுமில்லை. 2024இல் வெளிவந்த 'ஒன் அண்ட் ஒன்லி' அவர்களின் இருபதாவது தொகுப்பு. அதன் பெயரும் மூன்று சொற்கள்தான்.