ஏலே, இது ஏல்!

எங்க ஊர் நாசரேத் பஜாரில் நின்று 'ஏலே' என்று ஒரு சத்தம் கொடுங்கள். குறைந்தது நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஸ்காட்லாந்தில் 'ஏல்' என்றால் பீரில் ஒரு ஜாதி. இதை எனக்குச் சொன்னவர், எடின்பரோவில் இரண்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டுத் திரும்பிய ஆபீஸ் நண்பர். ஞாயிற்றுக்கிழமையானால் மனுஷன் வீட்டுச் சமையலறையிலேயே ஏல் காய்ச்சியிருக்கிறார். போலீஸ் வரவில்லை. மனைவிதான் வந்தாராம், கரண்டியோடு!

செய்முறையும் சொன்னார். முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து, சுமார் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். மாவு சர்க்கரையாக மாறும். வடித்த நீரில் கொஞ்சத்தைத் தனியே எடுத்து, பாகு பதத்துக்குச் சுண்டக் காய்ச்சி மறுபடி கலப்பார்கள். கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ பெயருக்குத்தான். ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு, பதினைந்து, பதினாறு டிகிரி குளிரில் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். நாசரேத்தில் மார்கழி விடியற்காலையில்கூட அந்தக் குளிர் கிடையாது, சார்!

பெயரும் வேடிக்கை. 60 ஷில்லிங், 80 ஷில்லிங் என்று பீப்பாய் விலையே பெயராகிவிட்டது. 60 லேசு, 80 கனம். 1971-ல் ஷில்லிங் கணக்கே ஒழிந்தது, பெயர் ஒழியவில்லை.

கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு. இத்தனை பாடும் பார்லிக்காரனுக்குத்தான். பனையில் பாளையைச் சீவிவிட்டால் சர்க்கரை நீர் நேராகக் கலயத்தில் சொட்டும். ஈஸ்ட் பாக்கெட்டும் வேண்டாம். காற்றிலும் கலயத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. சில மணி நேரத்தில் நுரை தட்டிக் கள்ளாகிவிடும். வீரியம் கிட்டத்தட்ட 80 ஷில்லிங் ஏல்தான்.

அதைத் தடுப்பது கலயத்துக்குள் தடவும் சுண்ணாம்பு. காரம் ஏறினால் ஈஸ்ட் படுத்துவிடும். சுண்ணாம்பு இருந்தால் பதனி, இல்லாவிட்டால் கள். பதனி இறக்கலாம்; கள் இறக்கினால் கேஸ். எங்க தெருவுக்குப் பதனி ஊற்றும் அண்ணாச்சி சொல்வார்: "சுண்ணாம்பு கொறஞ்சா ஸ்டேஷன், கூடிச்சுன்னா நாக்கு வெந்துரும். நடுவுல நிக்கணும்லே!"

நாற்பது அடி உயரத்தில், ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு அந்த நடுவைப் பார்க்கிறவர் அவர். காலையும் மாலையும் ஏற்றம். பி.எஃப். கிடையாது, கேஷுவல் லீவு கிடையாது.

பிரிட்டனிலும் வீட்டில் பீர் காய்ச்ச 1963 வரை லைசென்ஸ் வேண்டும். பிறகு, வீட்டுக்காரன் தனக்காகக் காய்ச்சினால் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். இங்கே 1937-லேயே மதுவிலக்குச் சட்டம் வந்தது. நடுவில் சில காலம் தளர்ந்தது. 1987 ஜனவரியில் கள்ளுக்கடைகளை மூடினார்கள். 2003 முதல் பாட்டில் சரக்கை அரசாங்கமே சில்லறையில் விற்கிறது. கேரளாவுக்குப் போனால் கள்ளுக்கடைக்கு லைசென்ஸ் போர்டே தொங்குகிறது. ஃபாக்டரி பீர் வரவு, மரத்துப் பீர் குற்றம்! இந்தக் கணக்கு எங்க ஆபீஸ் அக்கவுண்டண்ட்டுக்கும் டாலி ஆகவில்லை.

குடியுங்கள் என்று சொல்ல வரவில்லை. குடித்து அழிந்த வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். என் கவலை அண்ணாச்சியைப் பற்றி. அவர் மகன் சென்னையில் மளிகைக் கடையில் நிற்கிறான். "ஏன்லே, மரம் ஏறலியா?" என்றால், "விழுந்தா யாரு பார்ப்பா?" என்கிறான். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் எனக்கு எழுதலாம்.

பக்கத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் சீனி கலந்த கருப்பட்டியும் அதே கடையில், பாதி விலையில், பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. நாம் எதை வாங்குகிறோம் என்பதில்தான் அண்ணாச்சியின் கூலி இருக்கிறது.

சர்க்கரை மரமே தருகிறது. ஈஸ்ட் இலவசம். ஏறுவதற்குத்தான் ஆள் வேண்டும்.