ஓடும் சொல்

ஆங்கில வினைகளுள் என்னைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்தியது ‘ரன்’. ‘ஓடு’ என்பது அதன் முதற்பொருள். ஆறும் கடிகாரமும் திரைப்படமும் இரு மொழிகளிலும் ஓடுகின்றன. ஆனால், ஆங்கிலத்தில் மூக்கும் ‘ஓடும்’; நாம் ஒழுகுகிறது என்கிறோம். அவர்கள் ‘ஓட்டும்’ கடையை நாம் நடத்துகிறோம். அமெரிக்கத் தேர்தலில் வேட்பாளர் ‘ஓடுகிறார்’. இங்கிலாந்திலும் தமிழ்நாட்டிலும் அவர் ‘நிற்கிறார்’! அச்செய்தியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், போட்டியிட வந்தவர் போட்டிக்கு அஞ்சி ஓடியவராகிவிடுவார். கவலையில் நாம் சொல்லும் ‘ஒன்றும் ஓடவில்லை’ என்பதற்கோ ‘ரன்’ உதவாது.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி இவ்வினைக்கு 600-க்கும் மேற்பட்ட பொருள்களை வகுத்துரைக்கிறது. அவற்றை மனப்பாடம் செய்ய நான் முயன்றதில்லை. அண்டைச் சொற்களோடு சேர்த்தே பழகினேன். தொடரைப் பிரிந்த சொல்லுக்குப் பொருள் துணிவது அரிது.